சுகர் ஆப்பை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி பக்கம் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் ஆலோசகராக இருக்கிறேன். சாப்பாட்டு முறை சொல்வது, இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுப்பது, மீட்டரில் பார்க்கப் பழக்குவது, இதெல்லாம்தான் என் வேலை. ஆறேழு வருடமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது, நோயாளியின் போனை வாங்கி அதில் சுகர் அளவு, சாப்பாடு, மாத்திரை எல்லாம் பதிவு செய்யும் ஆப் போட்டுக் கொடுப்பது. அப்படிப் போட்டுக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அவர் அடுத்த முறை வரும்போது திறக்கப்படாமல் கிடக்கும், இல்லையென்றால் இடம் போதவில்லை என்று பேரன் அழித்திருப்பான்.

நோயாளிகள், அவர்களுடைய பிள்ளைகள், டாக்டர்கள், சில சமயம் ஆப் செய்கிற கம்பெனிப் பையன்கள் என்று எல்லோரும் ஒரே சந்தேகங்களை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள், அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது சுகர் ஆப்தான், பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

எங்க அப்பா மட்டும்தான் இப்படியா, இல்ல எல்லாருமே பாதியில விட்டுடறாங்களா?

எல்லோரும்தான். அமித் பாமெல் என்பவரும் அவர் குழுவும் மனநல ஆப்கள் 93-ஐ எடுத்து, இறக்கியவர்கள் உண்மையில் எத்தனை நாள் திறந்தார்கள் என்று பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். 15-ஆம் நாளில் திறந்தவர்கள் நடுமதிப்பாக 3.9 சதவீதம், 30-ஆம் நாளில் 3.3 சதவீதம். நூறு பேர் இறக்கினால் மாதக் கடைசியில் மூன்று பேர் மிஞ்சுகிறார்கள்.

அது யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்கிற ஆப்கள், சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்த நூறில் இருப்பார்கள். நோய் இருக்கிறவர்களுக்கு ஆய்வுக்காகவே கொடுத்த ஆப்கள் என்ன ஆயின? நாள்பட்ட நோய்களுக்கான ஆப் ஆய்வுகளை 2020-இல் ஒன்றாகத் தொகுத்துக் கணக்குப் போட்டதில் 43 சதவீதம் பேர் நடுவிலேயே கழன்றுகொண்டிருந்தார்கள். சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்களே இப்படி. உங்கள் அப்பா பெரிய கூட்டத்தில்தான் இருக்கிறார்.

எப்ப விடறாங்க? போகப்போக அலுத்துப்போயா, ஆரம்பத்துலயேவா?

ஆரம்பத்திலேயே. அமெரிக்காவில் போன் வழியாகவே நடந்த எட்டு ஆய்வுகளின் விவரத்தைச் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த கணக்கு ஒன்று 2020-இல் வந்தது. பாதிப் பேர் ஐந்தரை நாளுக்குள் போய்விட்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம், 'டாக்டர் பார்க்கிறாரா' என்ற கேள்வி வரும்போது சொல்கிறேன்.

இணையத்தில் நடக்கும் சிகிச்சைகளில் ஆட்கள் இப்படிக் கழன்றுபோவது விதிவிலக்கே இல்லை, இதுதான் வழக்கம் என்று குந்தர் ஐசன்பாக் 2005-இலேயே எழுதிவிட்டார். அப்போது இன்றைய ஆப்கள் எதுவும் கிடையாது. அவர் இரண்டு விதமாகப் பிரித்தார்: ஆய்வையே விட்டுப் போகிறவர்கள் ஒரு வகை, ஆய்வில் இருந்துகொண்டே கொடுத்த கருவியை மட்டும் தொடாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையை என் மேசைக்கு எதிரில் தினமும் பார்க்கிறேன். மாத்திரை ஒழுங்காகப் போடுவார், நடைப்பயிற்சி போவார், மாதம் தவறாமல் வருவார், ஆப்பை மட்டும் தொட மாட்டார்.

சும்மா சோம்பேறித்தனம்தானே மேடம்? இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

இதை அதிகம் கேட்பது மருமகன்கள். எங்களிடம் வரும் ஒரு பெரியவர் நாற்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் விடாமல் பேரேடு எழுதியவர், இன்றைக்கும் பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் போட்ட தேதி எல்லாம் டைரியில் இருக்கும். அவர் ஆப்பை ஒன்பதாம் நாள் விட்டார். கேட்டதற்கு, "கடைக் கணக்கு எழுதினா ராத்திரி கல்லாவுல என்ன மிச்சம்னு தெரியும். இதுல எழுதினா எனக்கு என்ன தெரியுது?" என்றார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்று சுகர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு காபி, சாயங்காலம் கொறித்தது, மூன்று வேளை மாத்திரைக்கு டிக், எடை, நடந்த நேரம். சொன்னபடி செய்கிறவர் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனைத் திறக்க வேண்டும். 2015-இல் அமெரிக்காவில் 1,604 பேரிடம் கேட்ட ஒரு ஆய்வில் ஏன் விட்டீர்கள் என்பதற்கு வந்த பெரிய காரணங்கள் மூன்று: பதிவு செய்யும் வேலை அதிகம், ஆர்வம் போய்விட்டது, சொல்லாமல் வந்த செலவு. ஆர்வம் போவதற்குக் காரணமே முதல் காரணம்தான் என்று நான் நினைக்கிறேன்.

சாப்பாட்டை எழுதறதுதான் உசுரு போகுது. எல்லா ஆப்பும் ஏன் இப்படி இருக்கு?

ஏனென்றால் பல ஆப்களின் உணவுப் பட்டியல் பாக்கெட்டில் வரும் உணவை மனதில் வைத்துச் செய்தது. பாக்கெட்டை ஸ்கேன் செய்தால் எல்லாம் வந்துவிடும். நம் வீட்டில் எதை ஸ்கேன் செய்வது? வாழைத்தண்டுக் கூட்டு என்று தேடினால் வாழைப்பழம் வரும். சாம்பார் கிடைக்கும், ஆனால் அது யார் வீட்டுச் சாம்பார்? பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு? அப்புறம் அளவு. 'கிராமில் சொல்லவும்' என்று கேட்கும். நம் வீட்டில் சோறு கரண்டிக் கணக்கு, குழம்பு கை அளவு, பொரியல் 'இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ' கணக்கு. இந்திய ஆப்கள் இப்போது இட்லி, தோசை, உப்புமா எல்லாம் சேர்த்து எவ்வளவோ தேவலாம், ஆனாலும் பழைய சோறும் கம்மங்கூழும் வரும்போது திணறும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். சமைக்கிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் ஒருவர், பதிவு செய்கிறவர் மூன்றாமவர். அப்பா சாப்பிட்டதை மகள் ராத்திரி பத்து மணிக்கு, "காலையில எத்தனை இட்லி சாப்ட்டீங்க, மூணா நாலா?" என்று கேட்டு ஏற்றுகிறாள். அவர் மூன்று என்பார், உள்ளேயிருந்து அம்மா ஐந்து என்பார். ஒரு வாரத்தில் அது சண்டையில் முடியும். நான் இப்போது சாப்பாட்டை எழுதவே சொல்வதில்லை. தட்டைப் போட்டோ எடுங்கள், அதுவும் வாரத்தில் இரண்டு நாள் போதும் என்கிறேன்.

மகன் சிங்கப்பூர்ல இருந்து போட்டுக் கொடுத்த ஆப்ல 146-னு அடிச்சா தப்புங்குது. மீட்டர் கெட்டுப்போச்சா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, அளவு முறைதான் வேறு. நாம் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்கிறோம், சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, கனடாவில் மில்லிமோலில் சொல்கிறார்கள். நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அவர்கள் எண். 180 என்பது அங்கே 10, உங்கள் 146 அங்கே 8.1. ஆப்பின் அமைப்புகளுக்குள் போய் அளவை மாற்றினால் சரியாகிவிடும். இந்த ஒரு பொத்தான் தெரியாமல் ஆப்பை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர், அதில் ஒருவர் புது மீட்டரே வாங்கிவிட்டார்.

ஓ.டி.பி. பையன் போனுக்குப் போகுது, அவன் வேலையில இருக்கான். நான் எப்படி உள்ள போறது?

போக முடியாது, அதுதான் பிரச்சினை. ஆப் செய்கிறவர்கள் ஒரு ஆளுக்கு ஒரு போன், ஒரு நம்பர் என்று நினைத்துச் செய்கிறார்கள். நம் ஊரில் ஒரு போன் மூன்று பேருக்கு, இல்லாவிட்டால் போன் அம்மாவிடம், நம்பர் பதிவானது மகன் பெயரில். ஆப் புதுப்பித்ததும் வெளியே தள்ளிவிடும், திரும்ப உள்ளே போக ஓ.டி.பி. கேட்கும், பையன் மீட்டிங்கில் இருப்பான். சாயங்காலம் அவன் கூப்பிடும்போது ஓ.டி.பி. காலாவதி. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை யார் முயல்வார்கள்?

போடும்போதே நோயாளி கையில் இருக்கும் போனின் நம்பரைக் கொடுங்கள். அதிலும் ரீசார்ஜ் தீர்ந்து நாளாகிவிட்டால் குறுஞ்செய்தி வராமல் போகலாம், வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஓடுவதால் நம்பர் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முன்னாடி மாத்திரை டைம்ல மணி அடிச்சுது, இப்ப அடிக்கறதே இல்ல. ஆப் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் போன்தான் அதன் வாயைக் கட்டியிருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, பின்னால் ஓடும் ஆப்களைப் பல கம்பெனி ஆண்ட்ராய்டு போன்கள் தாமாகவே நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டு 13, அதாவது 2022-க்குப் பிறகு, புதிதாகப் போடும் ஆப் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று முதலில் அனுமதி கேட்க வேண்டும். அங்கே அவசரத்தில் 'வேண்டாம்' தட்டியிருந்தால் மணி அடிக்காது. சில மாதம் திறக்காமல் கிடந்த ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டே திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு.

செய்ய வேண்டியது: அமைப்புகளில் அந்த ஆப்பைத் தேடி, நோட்டிஃபிகேஷனை இயக்கி, பேட்டரியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வைத்து, பயன்படுத்தாத ஆப்பை முடக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். இவ்வளவையும் எழுபது வயதுக்காரரை யார் செய்யச் சொன்னது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மாத்திரைக்கு மணி மட்டும் போதும் என்றால் போனோடு வந்த சாதாரண அலாரமே மேல், அதை எந்த போனும் நிறுத்துவதில்லை.

மணி அடிக்கறது எல்லாம் அடிக்குது. ஆனா ஒரு நாளைக்கு எட்டு தடவை அடிச்சா யார் பார்க்கறது?

யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் குடி, நட, எழுந்து நில், இன்று ஒரு குறிப்பு, நீ வந்து மூன்று நாளாயிற்று, தள்ளுபடி. இதற்கு நடுவில் இன்சுலின் போடும் நேரம். எல்லாம் ஒரே 'டிங்'. காது முதலில் தண்ணீரை ஒதுக்கும், அப்புறம் எல்லாவற்றையும் ஒதுக்கும். எட்டில் ஏழை அணைத்துவிடுங்கள், மருந்து ஒன்றை மட்டும் வையுங்கள்.

சுகர் ஏறியிருக்கற நாள்ல ஆப்பைத் திறக்கவே மனசு வரலை. எனக்கு மட்டும்தானா?

இதை ஆண்கள் சத்தமாகக் கேட்க மாட்டார்கள், பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் இதே கதைதான். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை 260 என்று வருகிறது. அதை ஏற்றினால் ஆப் சிவப்பாகக் காட்டும், சில ஆப்கள் சோகமான முகம் ஒன்றையும் போடும். சிவப்பைப் பார்க்க வேண்டாம் என்று அன்றைக்குத் திறப்பதில்லை. நாளைக்கும் ஏறித்தான் இருக்கும், நாளைக்கும் திறப்பதில்லை. நாலாம் நாள் திறந்தால் 'உங்கள் 21 நாள் தொடர் முறிந்தது' என்கிறது. அவ்வளவுதான், முடிந்தது.

இன்னொரு வகை, நல்ல எண்ணை மட்டும் ஏற்றுகிறவர்கள். ஒரு அம்மா ஆப்பில் மூன்று மாதமும் பச்சையாக வைத்திருந்தார், ஒரு எண்கூட 150-ஐத் தாண்டவில்லை. ரத்தப் பரிசோதனையில் எச்.பி.ஏ.1.சி., அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் அளவு, 9.4. மீட்டரை வாங்கி அதன் நினைவகத்தைப் பார்த்தால் 240, 280 எல்லாம் வரிசையாக இருக்கிறது. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் செய்யவில்லை. அதை மார்க் ஷீட் என்று நினைத்துவிட்டார், நினைக்க வைத்தது ஆப்பும் நாங்களும்தான். ஏறிய எண்தான் எங்களுக்கு உபயோகம், மருந்தை மாற்ற அதுதான் வழி சொல்லும். இதை முதல் நாளே சொல்லாதது எங்கள் தப்பு.

நான் போடற நம்பரை டாக்டர் பார்க்கறாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

பல இடங்களில் பார்ப்பதில்லை. பார்க்க நேரம் கிடையாது, பார்த்ததற்குக் கட்டணம் கிடையாது, யார் பார்க்க வேண்டும் என்று பெயர் எழுதி வைத்ததும் கிடையாது. எங்கள் இடத்திலேயே நடந்தது: ஒரு ஆட்டோ ஓட்டுநர் பதினொரு நாள் தொடர்ந்து வெறும் வயிற்றில் 250-க்கு மேல் ஏற்றிக்கொண்டே இருந்தார். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அவர் எண்கள் போய்ச் சேர்ந்த திரையைத் திறக்கும் பாஸ்வேர்டு வைத்திருந்த பெண் இரண்டு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். ஓட்டுநர் நேரில் வந்து, "பார்க்கறீங்கன்னு நினைச்சேன்" என்றார், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே ஆப்பையும் அழித்துவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

முன்பு சொன்ன ஐந்தரை நாள் ஆய்வில் மிச்சம் வைத்த விஷயம் இதுதான். யார் அதிக நாள் தங்கினார்கள் என்று பார்த்தபோது, ஆய்வில் இருப்பதற்குப் பணம் கொடுத்தது சுமார் 22 நாள் கூட்டியது, ஆய்வு எந்த நோயைப் பற்றியதோ அது தனக்கே இருந்தது ஒரு வாரம் கூட்டியது, சிகிச்சை தருகிறவர் அனுப்பி வந்தவர்கள் சுமார் 40 நாள் அதிகம் தங்கினார்கள். காசைவிட டாக்டர் பேச்சுக்கு மதிப்பு. மளிகைக் கடைப் பெரியவர் கேட்டதும் இதைத்தான், கல்லாவில் என்ன மிச்சம்? எண்ணைப் போட்டால் பதிலுக்கு ஏதாவது வர வேண்டும். 'பார்த்தேன், ராத்திரி மாத்திரையை அரையாகக் குறைங்க' என்று ஒரு வரி வந்தால் போதும், அவர் ஆறு மாதம் ஏற்றுவார்.

அதனால் ஆப் போடும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதை யார், எந்தக் கிழமை பார்ப்பார்கள்?' பெயரோடு பதில் வராவிட்டால் அது உங்கள் சொந்த டைரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதை நம்ப வேண்டாம், 70-க்குக் கீழே போனாலோ தலைசுற்றி வியர்த்தாலோ சர்க்கரையை வாயில் போட்டுவிட்டு போன் பண்ணுங்கள்.

இப்ப சுகர் கன்ட்ரோல்ல இருக்கு. இனிமே எதுக்கு ஆப்?

தேவையில்லாமல் இருக்கலாம். இதை நான் சொன்னதும் ஆப் கம்பெனிக்காரர்கள் முகம் சுருங்கும். விட்டவர்கள் எல்லோரையும் தோற்றவர்கள் என்று எண்ணுவது தப்பு. மூன்று மாதம் எழுதிப் பார்த்ததில், காலை இட்லிக்கு ஏறுகிறது, கேழ்வரகுக் கூழுக்கும் ஏறுகிறது, சுண்டலுக்கு அவ்வளவு ஏறுவதில்லை என்று தெரிந்துகொண்டவர் நாலாவது மாதம் எழுத வேண்டிய அவசியம் இல்லை. கற்றுக்கொண்டு போனவரும் வெறுத்துப் போனவரும் புள்ளிவிவரத்தில் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள்.

மாத்திரையில் மட்டும் இருக்கிறவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்.பி.ஏ.1.சி. நிலையாக வருகிறது என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடலாம். இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், அடிக்கடி சுகர் தாழ்கிறவர்கள் ஆப்பை விட்டாலும் மீட்டரில் பார்ப்பதை விடக் கூடாது.

ஃப்ரீன்னு சொன்னாங்க, மூணாவது மாசம் பேங்க்ல பணம் எடுத்துட்டாங்க. ஆப்பை அழிச்சுட்டேன், சரியா?

அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே சந்தாக்கள் என்ற பகுதியில் போய் ரத்து செய்ய வேண்டும். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து அங்கே நிறுத்துங்கள். அதைச் செய்துவிட்டு அப்புறம் அழியுங்கள். 'சொல்லாமல் வந்த செலவு' விடுவதற்கான பெரிய காரணங்களில் ஒன்று என்று மேலேயே பார்த்தோம். 99 ரூபாய் போனதைவிடக் கேட்காமல் எடுத்தது உறுத்துகிறது, அதற்கப்புறம் அடுத்த ஆப்பையும் நம்ப மாட்டார்கள்.

என் வியாதி விவரத்தை யாருக்காவது வித்துடுவாங்களா?

பயம் காற்றில் வந்ததில்லை. அமெரிக்காவில் 2023-இல் குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துத் தள்ளுபடி நிறுவனத்தின் மேல், பயனர்களின் உடல்நல விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது, 15 லட்சம் டாலர் அபராதம். அதே வருடம் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் மனநல ஆலோசனை நிறுவனம் இதே மாதிரிக் குற்றச்சாட்டில் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் விவரத்தை அழிக்கச் சொல்லவும் அதில் உரிமை உண்டு.

நான் சொல்வது சின்ன யோசனைதான். சுகர் எழுதும் ஆப் தொடர்புப் பட்டியலையும் இருக்கும் இடத்தையும் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுக்காமல் திறக்க மாட்டேன் என்றால் வேறு ஆப் பாருங்கள்.

மனசு சரியில்லாதவங்களுக்கான ஆப்லயும் இதே கதையா?

அதே கதைதான். மனச்சோர்வு ஆப் ஆய்வுகளைத் தொகுத்து ஜான் டோரஸ் குழு 2020-இல் கணக்கிட்டபோது விட்டவர்கள் 26 சதவீதம் என்று வந்தது. நன்றாக வந்த ஆய்வுகள் மட்டும் அதிகம் வெளியாகும் என்பதைக் கழித்துப் பார்த்தால் அது 48 சதவீதத்துக்குப் பக்கத்தில் போனது. மனிதர் ஒருவர் பதில் சொன்ன ஆய்வுகளில் விட்டவர்கள் குறைவு, டாக்டர் பார்க்கிறாரா என்ற கேள்வியின் பதிலே இங்கேயும் வந்து நிற்கிறது.

எதிலும் மனம் ஒட்டாமல் போவதுதான் அந்த நோய். எழுந்து பல் விளக்குவதே மலையாக இருக்கிறவரிடம் தினமும் பத்து நிமிடப் பயிற்சி கேட்டால் எங்கே போவார்? வீட்டில் அப்படி ஒருவர் ஆப்பை விட்டுவிட்டால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அது ஒரு அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஜெர்மனியில டாக்டரே ஆப்பை சீட்டுல எழுதித் தர்றாராமே? அங்கயாவது தொடர்ந்து பயன்படுத்தறாங்களா?

உண்மைதான். 2019 கடைசியில் அதற்கென்று சட்டம் வந்தது, 2020 அக்டோபரில் முதல் ஆப்கள் பட்டியலில் ஏறின, காதிரைச்சலுக்கான கல்மேடா அதில் ஒன்று. டாக்டர் எழுதுவார், காப்பீடு பணம் கட்டும், நோயாளிக்கு ஒரு குறியீட்டு எண் வரும். அந்த எண்ணைப் போடாமலே விட்டவர்களும் அங்கே இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் வீட்டு வாசல் வரைதான் போகும், உள்ளே போனபின் கதை நம் கதைதான்.

நோயாளி விடுவது ஒருபுறம், கம்பெனியே நோயாளியை விடுவதும் உண்டு. பியர் தெரப்யூட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் போதைப் பழக்கத்துக்கான ஆப்புக்கு 2017-இல் அந்நாட்டு மருந்துத் துறை அனுமதி கொடுத்தது, பெரிய செய்தியாக இருந்தது. 2023 ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு போட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் போதுமான அளவுக்குப் பணம் தரவில்லை என்பது அவர்கள் புலம்பல்.

மாத்திரை போட்டோமான்னு போன்லயே கண்டுபிடிக்கற முறை இருக்காமே?

காசநோய்க்கு நம் நாட்டிலேயே இருந்தது, பெயர் 99டாட்ஸ். மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் நம்பர் தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைக்கு மாத்திரை போட்டாயிற்று என்று கணக்கு. ஆப் வேண்டாம், நெட் வேண்டாம், சாதாரண பட்டன் போன் போதும். யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டு 2020-இல் வந்த ஆய்வில் இரண்டு பக்கமும் தப்பு இருந்தது. மாத்திரை போட்டும் கால் கொடுக்காதவர்கள் இருந்தார்கள், கால் கொடுத்தும் போடாதவர்கள் இருந்தார்கள். எளிமையாக்கினால் சுமை குறையும், முழுசாகப் போகாது. அப்புறம் ஒருவர் கால் கொடுக்கவில்லை என்பதை வைத்து மருந்தை விட்டுவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. ஆப்பை விட்டவருக்கும் இது பொருந்தும்.

அப்ப ஆப்பே வேண்டாம், வாட்ஸ்அப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் போதாதா?

நிறையப் பேருக்குப் போதும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டது. ஒரு பாதிக்கு வழக்கமான அறிவுரை, இன்னொரு பாதிக்கு அதோடு உணவும் நடையும் பற்றிய குறுஞ்செய்திகள். இரண்டு வருட முடிவில் குறுஞ்செய்தி வாங்கியவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, மற்றவர்களில் 27 சதவீதம். அவர்கள் எதையும் ஏற்ற வேண்டியதில்லை, பாஸ்வேர்டு இல்லை, வந்ததைப் படித்தால் போதும்.

வாட்ஸ்அப்பில் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று சொன்னதும் எங்கள் ஆட்களில் பலர் கேட்காமலே அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆனால் குழு மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். நாங்கள் ஆரம்பித்தோம், பத்து நாளில் பாகற்காய் ஜூஸ் ஃபார்வர்டும் காலை வணக்கப் பூவும் நிறைந்து, யார் எண் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதாயிற்று, போதாக்குறைக்கு ஒருவர் சுகர் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. தனித்தனியாக அனுப்பச் சொல்வதே சரி.

எங்க ஆப்புக்கு 10 லட்சம் டவுன்லோடு மேடம். மக்கள் விடறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?

இது கம்பெனிப் பையன் ஒருவர் கேட்டது, நல்ல பையன், காபி வாங்கிக் கொடுத்தார். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் சொல்லிவிட்டதால் டவுன்லோடு எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன 3.3 சதவீதத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் 10 லட்சத்தில் மாதக் கடைசியில் 33 ஆயிரம் பேர். உங்கள் ஆப் அதைவிட நல்லதாக இருக்கலாம், சரி, அப்படியானால் 30-ஆம் நாள் எண்ணைக் காட்டுங்கள் என்றேன். பேச்சு மாறிவிட்டது.

உங்கள் ஆய்வில் 80 சதவீதம் பேர் தங்கினார்கள் என்று சொன்னாலும் கேட்பேன், அவர்களுக்கு வாரா வாரம் போன் செய்தது யார்? ஆய்வு முடிந்ததும் அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? அந்த ஆள் போனதும் தங்கினவர்களும் போய்விடுவார்கள்.

ஆப்பை அழிச்சா பழைய நம்பரெல்லாம் போயிடுமா?

போனில் மட்டும் சேமிக்கும் ஆப் என்றால் போய்விடும், கணக்குத் திறந்து பயன்படுத்தியது என்றால் அவர்கள் சர்வரில் இருக்கும். எதுவானாலும் அழிப்பதற்கு முன்னால் அறிக்கையை பி.டி.எஃப். ஆக இறக்கி உங்களுக்கே வாட்ஸ்அப் செய்துகொள்ளுங்கள். அந்த வசதி இல்லாத ஆப்பா, திரையைப் படம் பிடியுங்கள். விவரத்தை அவர்களிடமிருந்தும் நீக்க வேண்டுமானால் கணக்கை நீக்கும் பொத்தானைத் தேட வேண்டும், ஆப்பை அழிப்பது வேறு, கணக்கை அழிப்பது வேறு.

அப்பா திரும்ப ஆப் போடவே மாட்டேங்கறார். வற்புறுத்தலாமா?

வேண்டாம். எதனால் விட்டார் என்று ஒரு முறை கேளுங்கள், பதில் பெரும்பாலும் மேலே இருக்கும் ஏதோ ஒன்றாக இருக்கும். ஓ.டி.பி.யோ மணி அடிக்காததோ என்றால் சரிசெய்து கொடுத்துப் பாருங்கள். 'யாரும் பார்க்கறதில்ல' என்றால் ஆப்பை மறந்துவிடுங்கள். சமையலறையில் மாதக் காலண்டர் தொங்கும் இல்லையா, தேதிக் கட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள், வாரத்துக்கு டாக்டர் சொன்ன தடவை மட்டும். தினசரிக் காலண்டர் வேண்டாம், கிழித்துப் பொட்டலம் கட்டிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசும்போது அந்த வாரத்து எண்களைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 240 என்றால் திட்டாதீர்கள், 'என்னப்பா சாப்ட்டீங்க?' என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எங்களிடம் வரும்போது அந்தக் காலண்டர் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு வரட்டும், மீட்டரையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், கிளம்பும் முன் அதில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.